பதிவேட்டில் இல்லாத பாட்டன்

உங்கள் பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டால், பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைச் சேர்ந்த மாணவர்களுள் பெரும்பாலோர் தயங்காமல் ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். அதற்கு எழுத்துச் சான்று உண்டா என்று கேட்டால் சற்றுத் தயங்குவீர்கள். பாட்டனாரின் தந்தைக்குச் சான்று எங்கே என்று கேட்டாலோ, வீட்டுப் பரணில் உள்ள தகரப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். பெரும்பாலும் அதில் ஒன்றும் இராது. இதனால் உங்களுக்கு யாதொரு தீங்கும் வருவதில்லை. ஏனெனில், இந்தக் கேள்வியை உங்களிடம் எவரும் கேட்பதில்லை. இதே கேள்வியை ஓர் அரசாங்கம் பல லட்சம் மக்களிடம் கேட்டது. விடை சொல்ல இயலாதவர்களை நாடற்றவர்கள் என்று முடிவு கட்டியது. அவ்வாறு கேட்கப்பட்டவர்களுள் பலருடைய முன்னோர் நம்முடைய இந்தப் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்களே.

பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டிலும், அரியலூர் நிலையாக 2007-ஆம் ஆண்டிலும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன்பு, ஆங்கிலேயர் காலத்திலே, இந்நிலப்பரப்பு பெரம்பலூர் வட்டம், உடையார்பாளையம் வட்டம் என்ற பெயர்களோடு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தெற்கே கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர்களை நீக்கிவிட்டால், எஞ்சியது பெரிதும் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் கரிசல். மழை பொய்த்த ஆண்டுகளில் உழவனுக்குக் கடன், கூலிக்காரனுக்குப் பட்டினி. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின் கொடுமையை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அத்தகைய காலங்களில் ஊருக்குள் வருபவன் கங்காணி. அவன் அயலான் அல்லன். பெரும்பாலும் அதே ஊரான், அதே சாதியான், சில வேளைகளில் உறவினனே. கையில் முன்பணம் வைத்திருப்பான். கடல் கடந்தால் வேலை உண்டு என்பான்.

அவன் அழைத்துச் சென்ற இடம் இலங்கையின் மலைநாடு. முதலில் காப்பித் தோட்டங்கள்; 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்கள். தொடக்கக் காலத்தில் கடலைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்தே மலையேற வேண்டியிருந்தது. அவ்வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தோர் மிகப் பலர். அவர்கள் எண்ணிக்கையை எவரும் முறையாகக் குறித்து வைக்கவில்லை.

ஆயினும், ஒன்றும் குறிக்கப்படவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நான் சொல்லவந்த செய்தியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. தோட்டத் துரைமாருக்குத் தேவையானவை எல்லாம் மிக ஒழுங்காகவே குறிக்கப்பட்டன. கூலியாளின் கடன் எவ்வளவு என்பதைக் காட்டும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தால்தான் அவன் இடம் மாறலாம். நாள்தோறும் காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்தவன் வராதவன் கணக்கைச் செக்ரோலில் பதிந்தார்கள். 1904-ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் என்ற அமைப்பை ஏற்படுத்தி, அதன் தலைமை அலுவலகத்தைத் திருச்சிராப்பள்ளியிலேயே வைத்தார்கள். அக்காலத்தில் புறப்பட்ட ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கியது. தோட்டம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதற்கு ஓர் எழுத்து, எந்தத் தோட்டம் என்பதற்கு ஓர் எண். அதைப் பார்த்து அதிகாரிகள் ஆளைக் குறித்த தோட்டத்துக்கு அனுப்பிவைப்பர். செலவுக் கணக்கு துரைக்குப் போய்ச் சேரும். ஒரு மூட்டைக்கு முகவரி எழுதி அனுப்புவது போலத்தான். மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டபோதும் பதிவு உண்டு. ஆகவே, இம்மக்கள் பதிவேடுகளே அறியாதவர்கள் அல்லர். பதிவேடுகள் அவர்களைப் பற்றியவை. ஆனால் அவர்களிடம் இல்லை.

பிறப்புப் பதிவின் நிலையோ வேறு. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் சொன்னதைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தமக்குப் பட்டவாறு எழுதினார். தகப்பன் பெயர் ஒரு தோட்டத்தில் ஒரு விதமாகவும், மறு தோட்டத்தில் வேறு விதமாகவும் அமைந்துவிடும். முத்தன் முத்துசாமியாவான், முத்துசாமி முத்தையாவாவான். செக்ரோலுக்கு ஆள் ஒன்று, அரை ஆள் ஒன்று என்ற கணக்கே முக்கியம். பெயரின் எழுத்துப்பிழையால் தேயிலை குறைந்துவிடப் போவதில்லையே!

1946-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கையில் இருந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். மறு ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் இவர்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் இவர்களுடைய வாக்கு துணைநின்றது. 1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் 18-ஆம் எண்ணுள்ள பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன்பு இலங்கையில் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரஜை ஆகவேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும். தாம் அங்கே பிறந்தது மட்டும் போதாது.

சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. சிங்களக் கிராமத்து உழவரிடமும் பாட்டனாரின் பிறப்புச் சான்று இருந்திராது. ஆயின், அவரை எவரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளரை மட்டுமே கேட்டார்கள். எல்லோர்க்கும் பொதுவான ஒரு சட்டம் ஒருசாராரை மட்டும் வெட்டுவது எப்படி என்பதை அரசியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டும். 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கே வாக்கு என்று ஆக்கிவிட்டனர். ஏழு தொகுதிகளில் வென்ற மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லாமற் போயினர்.

எதிர்ப்பே எழவில்லை என்பதற்கில்லை. அமைச்சராயிருந்த செ. சுந்தரலிங்கம் 1948 டிசம்பரில் இப்பிரச்சினையை ஒட்டி அமைச்சரவையை விட்டு விலகினார். செல்வநாயகம் தம் கட்சியினின்று பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்ததற்கும் இது ஒரு காரணம்.

எஞ்சியவர்களுக்கு ஒரு வாயில் திறந்திருப்பதாக அரசு சொன்னது. அதுதான் 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். போதிய வருமானம் உண்டெனக் காட்ட வேண்டும். மனைவி மக்கள் உடன் வாழ்ந்தமையையும் காட்ட வேண்டும். தாய்க்கு நோய் என்று கேட்டு ஊருக்கு வந்தவன், வயல் வேலையிலும் கடன் தீர்ப்பதிலும் சிக்கி ஓராண்டு கடந்து திரும்பியிருந்தால், அவன் முன்பு உழைத்த இருபதாண்டும் கணக்கில் வாரா. விண்ணப்பத்துக்கு இறுதி நாள் 1951 ஆகஸ்டு 5. முதலில் சட்டத்தைப் புறக்கணித்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்பு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. அந்தத் தாமதம் தலைவர்களின் பிழை என்று நான் கருதுகிறேன். அதற்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன; அவற்றில் அடங்கியோர் 8,00,000-க்கும் மேற்பட்டோர். ஆண்டுகள் பல கடந்து விசாரணைகள் முடிந்தபோது பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேரே.

இடையில் வழக்கும் நடந்தது. கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரினார். பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இலங்கை உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1953-இல் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தன் பிரஜைகள் யாவர் என்று வரையறுப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான உரிமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். சிறுபான்மையோரைப் பாரபட்சத்தினின்று காப்பதற்கென்றே சோல்பரி அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவு வைக்கப்பட்டிருந்தது. அது இங்கே கைகொடுக்கவில்லை.

பிறகு இரண்டு நாடுகள் அமர்ந்து மக்களைப் பங்கிட்டன. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையில், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்று எழுதப்பட்டது. அந்த மீதி 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மக்களைக் கேட்டார்களா? விண்ணப்பிக்கச் சொன்னபோது, இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டுமென்று கேட்டவர்கள் அந்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையின் இருமடங்குக்கும் மேல் இருந்தனர். அதுவே விடை.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி வந்தவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசுக் கோப்புகள் அழைத்தன. திரும்பியவருள் பலர் அந்தத் தாயகத்தை முன்பு கண்டதே இல்லை. சிலர் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர், சிலர் நூற்பாலைகளுக்கு, பலர் சிறு தொழிற்கடன் பெற்றுப் பழைய மாவட்டங்களுக்கு. மலைச்சரிவில் கொழுந்து பறித்துப் பழகிய கை, கரிசல் காட்டில் களைக்கொட்டு பிடிக்க வேண்டியதாயிற்று. பாட்டன் பெயரைச் சொல்லி உறவு தேடினால், நிலம் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். இலங்கையில் ‘இந்தியாக்காரன்’ எனப்பட்டவன் இங்கே ‘சிலோன்காரன்’ ஆனான்.

இத்தகைய தவறு ஏழை நாடுகளுக்கே உரியது என்று எண்ணுதல் வேண்டா. இலங்கைச் சட்டம் பிறந்த அதே 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பல் கரீபியத் தீவு மக்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தை அடைந்தது. அதன் பெயராலேயே அத்தலைமுறையினர் அழைக்கப்படுகின்றனர். பெற்றோரின் கடவுச்சீட்டில் குழந்தைகளாக வந்த பலரிடம் தனி ஆவணம் இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு நிலையாகத் தங்கும் உரிமையைத் தந்தது. ஆனால் அதற்கான பத்திரம் எதையும் தரவில்லை. அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் பழைய சீட்டுகளை அரசே 2010-இல் அழித்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள், தங்கியதற்கு ஆண்டுவாரியாகச் சான்று கொண்டுவா என்று அதே அரசு கேட்டது. வேலை போயிற்று, மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டனர். 2018-இல் உண்மை வெளிப்பட்டபோது பிரதமர் மன்னிப்புக் கேட்டார். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் விலகினார். 2019-இல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. இத்தீங்கு முன்கூட்டியே அறிந்து தவிர்த்திருக்கக்கூடியதே என்று வெண்டி வில்லியம்ஸின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. இழப்பீடு மந்தமாகவே சென்றது என்பதும் உண்மை. எனினும், அரசு தன் தவற்றை ஆராய ஒருவரை அமர்த்தி, அவருடைய அறிக்கையை வெளியிட்டதே. மலையக மக்களுக்கு 1948-இல் இழைக்கப்பட்டதற்கு அவ்வாறான கணக்கு ஒருநாளும் கேட்கப்படவில்லை.

இலங்கை மெல்ல மெல்லத் தன் சட்டத்தைத் திருத்திற்று. 1986-இலும் 1988-இலும் வந்த சட்டங்களுக்குப் பின்னும் எஞ்சிய சுமார் 1,68,000 பேருக்காக 2003-இல் ஒரு சட்டம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்று அது சொல்லிற்று. பாட்டனின் பிறப்புச் சான்றை அது கேட்கவில்லை.

அதே 2003 டிசம்பரில் தில்லியில் நம் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. உரிய ஆவணமின்றி வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றும், அவர் பதிவு மூலமாகக் குடியுரிமை கோர இயலாது என்றும் விதி கடுமையாயிற்று. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி வந்த மலையகத் தமிழர் பலர் இந்த வலையில் அகப்பட்டனர். அவர்களுள் திருச்சிராப்பள்ளியின் கொட்டப்பட்டு முதலிய முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த 65 பேர் நீதிமன்றத்தை நாடினர். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதையும், இவர்களுடைய முன்னோர் ஆங்கிலேயரால் கொண்டுசெல்லப்பட்டதையும் அவர் எடுத்துக்கொண்டார். விதியைத் தளர்த்தும் அதிகாரம் நடுவணரசுக்கு உண்டு என்றார். மனுதாரர்கள் மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக விண்ணப்பம் கொடுக்கவும், ஆட்சியர் அதைத் தாமதமின்றி அனுப்பவும், நடுவணரசு பதினாறு வாரத்துக்குள் முடிவு சொல்லவும் ஆணையிட்டார். இலங்கைத் தொழிலாளர் ஆணையம் கூலியாட்களின் கணக்கை வைத்திருந்த அதே திருச்சிராப்பள்ளியில், அவர்கள் மரபினர் ஆட்சியர் அலுவலகத்து வாயிலில் மீண்டும் விண்ணப்பத்தோடு நின்றனர்.