இளைஞருக்கான குறிப்புதவிச் சேவையும் நூலகர் பயிற்சியும்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

நூலகத்தின் பெருமையை அதன் அலமாரிகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஆயினும், வேண்டிய நூல் இன்னதென்று சொல்லத் தெரியாமல் மேஜையருகே தயங்கி நிற்கும் பதினாறு வயது மாணாக்கனுக்கு நூலகர் எவ்வாறு விடை கூறுகிறார் என்பதே அந்த ஸ்தாபனத்தின் தகுதியை உள்ளபடி காட்டும். குறிப்புதவி எனப்படும் அவ்விதம் விடை கூறும் கலை நம் நூலகர்க்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது, அதில் இளம் பருவத்தினருக்கு என்ன இடம் கிடைத்தது என்பவற்றை ஆராய்ந்து, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் ஆகிய ஊர்களின் தேவையோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வாசகரோடு நூலகர் நேரில் உரையாடி உதவவேண்டும் என்னும் கருத்தை 1876-இல் அமெரிக்காவின் உர்ஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன் எடுத்துரைத்தார். நம் தேசத்தில், பரோடா மன்னர் சாயாஜிராவின் அழைப்பின்பேரில் வந்த போர்டன் 1911-இல் அவ்வூரிலும், டிக்கின்ஸன் 1915-இல் லாகூரிலும் நூலகர் வகுப்புகளைத் தொடங்கினர். ஆயினும், குறிப்புதவியை நூலகத் தொழிலின் உயிர்நாடியாக இங்கு நிலைநாட்டியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனே ஆவார்.

அவர் கணித உபாத்தியாயராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். 1928-இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் 1929-இல் அவர் தொடங்கிய கோடைகாலப் பயிற்சிப் பள்ளியைப் பல்கலைக்கழகம் 1931-இல் ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது பட்டதாரிகளுக்குரிய ஓராண்டு டிப்ளமோவாக வளர்ந்தது. புதிய வாசகருக்கு நூலகத்தை அறிமுகம் செய்தல், பொதுவாக உதவுதல், உடனடியாக விடையளித்தல், நீண்ட தேடலில் துணைநிற்றல் எனக் குறிப்புதவியை அவர் படிப்படியாக வகுத்தமைக்கும், 1940-இல் அப்பொருள் பற்றித் தனி நூலே வெளியிட்டமைக்கும், தமது வாசகருள் கல்லூரி மாணாக்கர் மிகுந்திருந்ததும், வகுப்பறையில் ஒவ்வொரு மாணவனின் தடுமாற்றத்தையும் அருகிருந்து கண்ட ஆசிரிய அனுபவமும் காரணங்களாயின என்று கருத இடமுண்டு. பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றி 1942-இல் அவர் தனி நூல் எழுதியதும் இதனை வலியுறுத்தும்.

இதே காலத்தில் நியூயார்க்கில் மேபல் வில்லியம்ஸும், பால்டிமோரில் மார்கரெட் எட்வர்ட்ஸும் இளைஞர் சேவையைத் தனிப் பணியாக வளர்த்தனர். தம் உதவியாளர் இளைஞருக்குரிய நூல்களைத் தாமே படித்து, அவற்றைப் பற்றித் தம்மோடு விவாதித்த பின்னரே அப்பணிக்குத் தகுதியாவர் என்பது எட்வர்ட்ஸின் கண்டிப்பான நியமம்.

1948-இல் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலக வரி, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு ஆகியவற்றால் கிளைகள் பெருக வழிகோலியது. 1972-இல் பொது நூலகத் துறை தனித்துறையாகி, வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். இப்பெருக்கம் நாட்டுக்குப் பெரும் பாக்கியம் என்பதில் ஐயமில்லை. எனினும், கிளைதோறும் ஓரிருவரே பணிபுரியும் நிலையில், பகுப்பும் பட்டியலும் இருப்புப் பதிவும் பயிற்சியில் முன்னின்றன. வாசகரோடு உரையாடும் கலை பின்தங்கியது. சிறுவர் பகுதிக்கும் போட்டித் தேர்வு மேஜைக்கும் இடைப்பட்ட பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர், தமக்கென ஒருவரும் இன்றி நின்றனர்.

இக்குறை திருச்சிராப்பள்ளியில் விசேஷமாக உணரப்படுவது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் இவ்வூருக்கு வந்த தூய வளனார் கல்லூரி, 1919-இல் எழுந்த தேசியக் கல்லூரி முதலியவற்றால் மாணாக்கர் திரளும் நகரம் இது. ஸ்ரீரங்கத்து மாணவி ஒருத்தி, ராஜகோபுரம் எப்போது கட்டப்பட்டதென்று கேட்பதாகக் கொள்வோம். பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமும் உடைய அக்கோபுரம், அகோபில மடத்து ஜீயரின் முயற்சியால் 1987-இல் நிறைவெய்தியது என்பது ஒரு நிமிஷத்தில் சொல்லத்தக்க விடை. ஆனால், "எதுக்கும்மா வேணும், பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதச் சொன்னாங்களா?" என்று பரிவுடன் வினவும் நூலகருக்கு, அது நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்ற காரணத்தைத்தான் அவள் தேடுகிறாள் என்பது புலனாகக்கூடும். அப்போது ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகையும், வி. என். ஹரிராவ் 1961-இல் வெளியிட்ட அதன் ஆங்கில வடிவத்தையும், ஸ்ரீரங்கத்துச் சாசனங்கள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதியையும் எடுத்துவைத்து, ஒழுகு மரபுவழி வந்த வரலாறு, சாசனம் அவ்வக்காலத்துச் சான்று என்னும் வேற்றுமையை விளக்கி, இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தல் வேண்டும். விடையைத் தேடும் நெறியை அவள் கற்றுக்கொள்வதே இச்சேவையின் பயன்.

இத்திறம் புத்தகப் படிப்பால் மட்டும் வாராது. நூலகவியல் துறைகளைக் கொண்ட பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பிஷப் ஹீபர் கல்லூரியும் இந்நகரிலேயே இருத்தலின், மாணவப் பயிற்சியாளரும் கிளை நூலகரும் அனுபவமிக்க ஒருவரின் அருகே அமர்ந்து, இளைஞரின் வினாக்களைக் கேட்டு, தேடிய வழியையும் தவறிய இடத்தையும் குறித்துவைத்து, வாரந்தோறும் கூடி விவாதிக்கும் முறை இங்கு எளிதில் கைகூடும். இளைஞர் விரும்பும் நூல்களைத் தாமும் படித்தல், இணையத்திற் கிடைக்கும் செய்தியின் மூலத்தைச் சோதிக்கக் கற்பித்தல், கேட்டவரின் அந்தரங்கத்தைக் காத்தல் ஆகிய மூன்றும் அப்பயிற்சியில் இன்றியமையாத பாடங்களாதல் வேண்டும். 1929-இல் சென்னையில் கோடை விடுமுறையில் இப்பணி தொடங்கியபோது சட்டமும் இல்லை, வரியும் இல்லை. இரண்டும் உள்ள இக்காலத்தில், நூலகரின் நேரத்தில் ஒரு பகுதியை இளைஞருக்கென ஒதுக்குதல் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கடமையாகும்.