லாத்விய மணப்பெண் கையுறைகள்

லாத்விய மணப்பெண் கையுறைகள், பால்டிக் கடலோர நாடான லாத்வியாவின் குடியானவப் பெண்கள் திருமணத்துக்கு முன் ஆண்டுக்கணக்கில் பின்னிச் சேர்த்து, மணநாளில் கணவன் வீட்டாருக்கும் விருந்தினருக்கும் அன்பளிப்பாக வழங்கிய கம்பளிக் கையுறைகள். லாத்விய மொழியில் கையுறைகளுக்கு 'சிம்தி' என்று பெயர். கட்டைவிரலுக்குத் தனி உறையும் மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே உறையும் கொண்டவை. குளிரைத் தாங்குவதற்காகப் பின்னப்பட்ட இவை, 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் உழைப்பையும் திறமையையும் புகுந்த வீட்டார் அளந்து பார்க்கும் பொருளாகவும் இருந்தன.

பின்னணி

13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சிலுவைப்போர் வீரர்கள் இப்பகுதியைக் கைப்பற்றினர். அதன்பின் நிலம் ஜெர்மானியப் பிரபுக்களின் உடைமையானது. உழுது விளைவித்த லாத்வியர்கள் காலப்போக்கில் பண்ணையடிமைகளாயினர். ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்காலத்தில் பண்ணையடிமை முறை குர்சமே பகுதியில் 1817-லும், வித்சமே பகுதியில் 1819-லும், லட்கலே பகுதியில் 1861-லும் ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலையோடு நிலம் கிடைக்கவில்லை. குடியானவர்கள் பண்ணைகளைப் பரவலாக விலைக்கு வாங்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இச்சூழலில் குடியானவப் பெண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடியவை மிகக் குறைவு. ஆட்டின் கம்பளி கிடைத்தது. நீண்ட குளிர்கால இரவுகள் இருந்தன. இவ்விரண்டைக் கொண்டு அவள் ஈட்டிய செல்வமே கையுறைகளும், காலுறைகளும், நெய்த இடுப்புப் பட்டைகளும்.

சீர்ப்பெட்டி

மணப்பெண் கொண்டு செல்லும் சீர் 'பூர்ஸ்' எனப்பட்டது. அதை வைக்கும் மரப்பெட்டி 'பூர லாதே'. சிறுமியாக இருக்கும்போதே பின்னக் கற்றுக்கொண்ட பெண்கள் இப்பெட்டியை நிரப்பத் தொடங்கினர். மாடு மேய்க்கும்போது கையில் பின்னல் இருந்தது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மாலைவேளைகளில் பெண்கள் ஒன்றுகூடி, எரியும் மரச்சீவலின் வெளிச்சத்தில் நூல் நூற்றும் பின்னியும் பாடினர். மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் கோலங்களைக் கற்றது இக்கூடல்களில்தான்.

வசதியான வீட்டுப் பெண்ணின் பெட்டியில் நூறு இணை வரை கையுறைகள் இருந்தன. பெட்டி புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதன் கனம் ஊரில் பேசப்பட்டது.

பின்னல் முறை

ஊசிப் பின்னல் பரவுவதற்கு முன் இப்பகுதியில் ஒற்றை ஊசியால் நூலைக் கோத்து முடிந்து கையுறை செய்யும் பழைய முறை இருந்தது. பின்னர் ஐந்து ஊசிகளைக் கொண்டு பின்னும் முறை நிலைபெற்றது. கண்ணிகள் நான்கு ஊசிகளில் வட்டமாக ஏற்றப்பட்டிருக்கும். ஐந்தாவது ஊசி பின்னிக்கொண்டே செல்லும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை குழாய்போல வளர்வதால் கையுறையில் தையல் இல்லை.

ஒரே சுற்றில் இரண்டு நிற நூல்கள் பயன்பட்டன. ஒரு நிறம் முன்பக்கம் கண்ணியாக வரும்போது மற்றது உட்புறமாக ஓடும். இதனால் கையுறை இரட்டை அடுக்காகி அதிகக் கதகதப்பைத் தந்தது. கோலம் அழகுக்காக மட்டும் அல்ல; அதுவே கையுறையைக் கனமாக்கியது. மெல்லிய நூலும் மெல்லிய ஊசியும் கொண்டு பின்னியதால் ஓர் இணையை முடிக்கப் பல நாட்கள் தேவைப்பட்டன.

மணநாள் அன்பளிப்பு

கையுறையின் பங்கு பெண்கேட்பதிலேயே தொடங்கியது. பெண் தன் கையால் பின்னிய கையுறையைக் கொடுப்பது சம்மதத்தின் அடையாளம். மணமகன் கையுறைகளை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டான். கோடையிலும் இவ்வழக்கம் இருந்தது. சில வட்டாரங்களில் மணமக்கள் கையுறை அணிந்த கைகளோடு விருந்துண்டனர்.

திருமணத்தின் முக்கியச் சடங்கு மணப்பெண்ணின் மலர்வளையத்தை எடுத்துவிட்டு மணமான பெண்ணின் தலைத்துணியைக் கட்டுவது. திருமணத்தையொட்டிச் சீர்ப்பெட்டி திறக்கப்பட்டுப் பொருட்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன் ஆகியோருக்கும், வண்டியோட்டியவர் உட்பட மணவேலைகளில் பங்கேற்றவர்களுக்கும் கையுறைகள் கிடைத்தன. உறவின் நெருக்கத்துக்கு ஏற்ப அன்பளிப்பின் தரமும் அளவும் மாறின.

மனிதர்களோடு அது முடியவில்லை. புதிய மருமகள் வீட்டைச் சுற்றிவந்து அடுப்பு, கிணறு, மாட்டுத்தொழுவம் ஆகிய இடங்களில் கையுறையோ பட்டையோ வைத்தாள். இனி அவள் உழைக்கப்போகும் இடங்களுக்கு அவள் செலுத்திய காணிக்கை அது.

அன்பும் சுமையும்

இவ்வழக்கம் முழுவதும் மகிழ்ச்சியானது அல்ல. முன்பின் தெரியாத வீட்டில் நுழையும் பெண், முதல் நாளிலேயே அவ்வீட்டின் ஒவ்வொருவர் கையிலும் தன் உழைப்பை வைக்கவேண்டியிருந்தது. கண்ணிகள் சீராக உள்ளனவா, கோலம் எங்காவது பிசகியிருக்கிறதா என்று உறவினர்கள் பார்த்தனர். பெட்டி குறைவாக இருந்தால் அவள் சோம்பேறி எனப்பட்டாள்.

லாத்விய நாட்டுப்புற நாற்சீர்ப் பாடல்களான 'தைனா'க்கள் இதற்குச் சான்று. கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் தொகுத்த தைனாக்கள் 1894 முதல் 1915 வரை நூல்களாக வெளிவந்தன. அவற்றில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. பாடல்தாள்களை வைக்க அவர் செய்வித்த அலமாரி 2001-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. இப்பாடல்களில் கையுறை பின்னுவதும் கொடுப்பதும் அடிக்கடி வருகின்றன. தாயில்லாத பெண் இப்பாடல்களின் முக்கியமான பாத்திரங்களில் ஒருத்தி. கற்றுத்தரவும் பெட்டியை நிரப்ப உதவவும் ஆளில்லாத அவளுக்கு விதியின் தெய்வமான லைமாவே துணை.

கோலங்களும் பொருள்களும்

கையுறைகளில் எட்டுமுனை விண்மீன், இரட்டைக் கதிர், சிலுவை, நெளிகோடு முதலிய வடிவங்கள் உள்ளன. நிறமும் கோலமும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டன. இன்று ஒவ்வொரு வடிவமும் ஒரு தெய்வத்தின் பெயரால் அறியப்படுகிறது: இரட்டைக் கதிர் விளைச்சலின் தெய்வமான யுமிஸைக் குறிக்கும், எட்டுமுனை விண்மீன் விடிவெள்ளியான அவுசெக்லிஸைக் குறிக்கும்.

இப்பொருள்களை ஒழுங்குபடுத்தியதில் ஓவியர் எர்னஸ்ட்ஸ் பிரஸ்தின்ஷின் பங்கு பெரியது. 1918-ல் லாத்வியா தனிநாடானபின், 1923-ல் அவர் லாத்விய அணிவடிவங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். கோலங்களைப் பழைய சமயத்தின் எழுத்துபோல வாசிக்கும் வழக்கம் இதன்பின் பரவியது. முந்தைய தலைமுறைப் பெண்கள் பின்னியது அருங்காட்சியகத்துக்காகவோ தத்துவத்துக்காகவோ அல்ல, கொடுப்பதற்காக.

20-ஆம் நூற்றாண்டு

ஆலை நூலும் கடைத்துணியும் வந்தபின் சீர்ப்பெட்டியின் தேவை குறைந்தது. 1940-ல் சோவியத் ஒன்றியம் லாத்வியாவை ஆக்கிரமித்தது. 1941 ஜூன், 1949 மார்ச் ஆகிய மாதங்களில் பல்லாயிரம் பேர் நாடுகடத்தப்பட்டனர். 1944-ல் செஞ்சேனை திரும்பி வந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கு நோக்கி ஓடினர். அகதி முகாம்களிலிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குடியேறியவர்களிடையே பின்னல் தொடர்ந்தது. கதகதப்புக்கான தேவை குறைந்த இடங்களிலும் கையுறை, பிள்ளைகளுக்குத் தாய்நாட்டைக் காட்டும் பொருளாக இருந்தது. லிஸ்பெத் உபிதிஸ் 1981-ல் அமெரிக்காவில் வெளியிட்ட நூல் லாத்வியக் கையுறைகளைப் பிற நாட்டுப் பின்னல் ஆர்வலர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

லாத்வியாவிலும் பின்னல் நிற்கவில்லை. 1924-ல் தொடங்கப்பட்ட ரீகா திறந்தவெளி இனவரைவியல் அருங்காட்சியகத்தில் 1971 முதல் கைவினைச் சந்தை நடந்துவருகிறது. 1980-களின் இறுதியில் விடுதலை இயக்கம் எழுந்தபோது அவுசெக்லிஸ் விண்மீன் அதன் சின்னங்களுள் ஒன்றாயிற்று. 1991-ல் நாடு மீண்டும் விடுதலை பெற்றது.

இன்று

2006 நவம்பரில் ரீகாவில் நேட்டோ உச்சிமாநாடு நடந்தபோது, வந்தவர்களுக்கு வழங்கக் கையால் பின்னிய 4,500 இணைக் கையுறைகள் தயாரிக்கப்பட்டன. நாடெங்கும் உள்ள பின்னல் கலைஞர்கள் அவற்றைப் பின்னினர். புதியவர்களின் கையில் தன் உழைப்பை வைத்து வரவேற்பைத் தேடிய மணப்பெண்ணின் வழக்கத்தை இங்கே ஒரு சிறிய நாடு கைக்கொண்டது. இன்றும் லாத்வியத் திருமணங்களிலும் குடும்ப விழாக்களிலும் கையுறைகள் அன்பளிப்பாகின்றன. பெட்டியின் கனத்தை இன்று எவரும் அளப்பதில்லை. பின்னிய கை யாருடையது என்பது பெறுபவருக்குத் தெரியும். அன்பளிப்பின் மதிப்பு அதில் இருக்கிறது.