ஆயாக் கொட்டகை முதல் தாஸ்கா வரை

தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கப்பெற்ற தமிழ் வகுப்பைத் தவறாமல் குறிப்பிடுவர். அடுத்து 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திற்கு வருவர். தோட்டத்தில் 7 வயதிலிருந்து 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி வைத்தாக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்திய சட்டம் அது. பயிற்சிக் கல்லூரியில் நாம் எல்லாரும் மனனம் செய்த செய்திதான். ஆனால் அதே சட்டத் தொகுப்பு, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கான காப்பகத்தையும் தோட்ட முதலாளியின் கடமைகளோடு சேர்த்து வைத்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தின் கதையை நூறு பேர் எழுதிவிட்டனர். பள்ளிக்கு முந்திய அந்தக் கட்டடத்தின் கதையை எழுத ஆளில்லை.

தோட்டத்தில் அதற்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். சில தோட்டங்களில் பிள்ளைக் கொட்டகை என்பார்கள். லயத்து வீடுகளுக்கு அருகில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கட்டடம். உத்திரத்தில் வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். பால்மரம் வெட்டுவோர் விடிவதற்கு முன்பே பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஒழுகுவது குறைந்துவிடும். ஆகவே குழந்தைகள் இருட்டோடு இருட்டாகத் துணியில் சுற்றப்பட்டுக் கொட்டகைக்கு வந்து சேரும். என் தாயாரும் அப்படித்தான் என்னைக் கொண்டு போய் விட்டாராம். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவை முடித்து அவர் திரும்பும் வரை, நிரையில் இறங்கி வேலை செய்ய உடம்பு ஒத்துழைக்காத ஒரு மூதாட்டிதான் எங்களுக்கு எல்லாம். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. எங்கள் தோட்டத்து ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆனால் எந்தக் குழந்தை எந்த வீட்டுடையது, எதற்குச் சளி, எதற்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இந்தக் கொட்டகை முதலாளிகளின் இரக்கத்தினால் எழுந்தது என்று எவரும் எண்ண வேண்டா. இந்தியாவில் 1922இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. தன் மக்கள் எத்தகைய நிலையில் வேலை செய்கின்றனர் என்று கேட்கும் உரிமையை இந்திய அரசு அதன்வழிப் பெற்றது. அதன் பிரதிநிதி ஒருவரும் மலாயாவில் அமர்த்தப்பட்டார். ஆள் வரத்து நின்றுவிடக் கூடாது என்னும் கவலை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் கூலிக் கணக்கு. 1920களின் பிற்பகுதியில் நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒருவர் கூலியில் குடும்பம் நடவாது. எனவே பிள்ளை பெற்றவளும் நிரைக்குப் போனாள். அவள் போனால்தான் தோட்டத்திற்கும் மரம் வெட்ட ஆள் கிடைக்கும். கைக்குழந்தை அதற்குத் தடையாகாமல் இருக்கவே கொட்டகை.

ஆகவே அதைப் பொற்காலமாக வருணிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயாவுக்குப் பயிற்சி கிடையாது. ஒரு பிள்ளைக்கு வந்த காய்ச்சல் மறுநாள் நான்கு பிள்ளைகளுக்கு வரும். தோட்டத்து டிரஸ்ஸர் வந்து பார்த்தால் உண்டு. இவ்வளவு குறை இருந்தும், புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண் "இதை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன்?" என்று தனியே திகைத்து நிற்கும் நிலை அங்கே இல்லை. கொட்டகை நடந்து போகும் தொலைவில் இருந்தது. கட்டணம் இல்லை. அங்கே பேசப்பட்டது தமிழ். குழந்தை முதலில் கேட்ட தாலாட்டும் முதலில் வாங்கிய திட்டும் தமிழிலேயே இருந்தன!

பின்னர்த் தோட்டங்கள் குறையத் தொடங்கின. 1950களிலேயே பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்கும் வழக்கம் பரவிவிட்டது. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதைத் தடுக்கத்தான். அடுத்துவந்த பத்தாண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நகரங்கள் தோட்டங்களின் மீதே எழுந்தன. இன்றைய சுபாங் ஜெயா 1976 வரையில் சீபீல்டு தோட்டம். பண்டார் கின்ராரா என்னும் பெயருக்குள்ளேயே பழைய தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மவர் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். பெண்கள் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தனர். இரண்டு சம்பளம் இல்லாமல் குடும்பம் நடவாது என்னும் கணக்கு மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தை ஆசிரியர்களும் பெற்றோரும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சட்டம் தோட்டத்து முதலாளியின் மேல் வைத்த பொறுப்பு இரத்துச் செய்யப்படவில்லை. 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 1990இல் வந்த சட்டம், தொழிலாளர் வீடுகளோடு குழந்தைக் காப்பகங்களுக்கும் குறைந்தபட்சத் தரத்தை விதிப்பதாகத் தன் முகப்பிலேயே கூறியது. ஆனால் அந்தக் காப்பகக் கடமை, வேலையிடத்திலேயே தொழிலாளரைக் குடும்பத்தோடு குடிவைக்கும் முதலாளியை நினைத்து எழுதப்பட்டது. பட்டணத்துத் தொழிற்சாலை யாரையும் குடும்பத்தோடு குடிவைப்பதில்லை. பேருந்தை அனுப்பி ஆளை ஏற்றிக்கொள்ளும். ஷிப்டு முடிந்ததும் இறக்கிவிடும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஆயாக் கொட்டகை அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள்? பாட்டிமார் பார்த்தனர். எதிர்வீட்டு அக்காவிடம் மாதச் சம்பளம் பேசி விட்டனர். ஓரளவு வசதி படைத்தவர்கள் 1980களிலிருந்து இந்தோனேசியப் பணிப்பெண்களை அமர்த்திக்கொண்டனர். இவை எதுவும் கைகூடாத வீடுகளில் மூத்த பெண்பிள்ளை பார்த்துக்கொண்டாள். அந்நாளில் பணியாற்றிய மூத்த ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவி அடிக்கடி வராமல் போவாள். காரணம் கேட்டால், "தம்பியைப் பாக்க ஆளில்ல சார்" என்பாள். படிப்பில் நாட்டமில்லை என்று பதிவேட்டில் எழுதப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் சம்பளமில்லாத ஆயாக்களாக இருந்தனரோ!

அரசு இதனைக் கவனிக்காமல் இல்லை. 1984இல் குழந்தை பராமரிப்பு மையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் எவரும் சமூகநலத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பதிவு பெற்ற இடமே நாம் தாஸ்கா என்று அழைப்பது. ஒன்பது குழந்தைகள் வரை இருந்தால் வீட்டிலேயே நடத்தலாம். பத்தோ அதற்கு மேலோ போனால் அது நிறுவனம். இந்தச் சட்டம் நல்ல சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். முந்தையது முதலாளியை நோக்கிக் காப்பகம் வேண்டும் என்றது. பிந்தையது, காப்பகம் நடத்த முன்வருபவரை நோக்கி முறையாக நடத்து என்கிறது. முன்வருவதற்கு ஆளில்லாத குடியிருப்பைப் பற்றி அது பேசவில்லை. மூன்று குழந்தைகளை மட்டும் பார்க்கும் எதிர்வீட்டு அக்காவும் அதன் எல்லைக்குள் வரமாட்டார்.

கட்டணம் ஏன் இவ்வளவு என்று பெற்றோர் நொந்துகொள்வது வழக்கம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். அதற்கு மேல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. மூன்று கைக்குழந்தைகள் சேர்ந்து ஒருவருக்கு அந்தச் சம்பளத்தைத் தர வேண்டுமானால், ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 567 ரிங்கிட். வாடகை, மின்சாரம், உணவு இன்னும் சேரவில்லை. தாயும் அதே 1,700 ரிங்கிட் வாங்குபவராக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. தாஸ்கா நடத்துபவர் பேராசைக்காரர் அல்லர். பராமரிப்பாளருக்கும் வயிறு உண்டு. கொட்டகைக் காலத்தில் இந்தச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. இப்பொழுது இரண்டு ஏழைப் பெண்களுக்கிடையே பங்கு போடப்படுகிறது.

புதிய பெற்றோருக்கு இன்று உதவியே இல்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகும். தாய்சேய் நல மருந்தகத்து மிஸ்ஸி பேறுகாலத்திற்குப் பின் வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்த்துச் செல்கிறார். 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு 98 நாளாயிற்று. தனியார் துறையில் தந்தைக்கும் 7 நாள் விடுப்பு கிடைத்தது. பதிவு பெற்ற தாஸ்காவுக்குக் கட்டும் கட்டணத்திற்கு 2020 முதல் 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் வரி கட்டுமளவு சம்பளம் இல்லாத தாய்க்கு அந்த விலக்கினால் ஒரு காசும் மிஞ்சாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நான்கு வயது முதல் ஆறு வயது வரையிலான பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. பல தமிழ்ப்பள்ளிகளில் பாலர் வகுப்பு நடக்கிறது. நம் இயக்கங்கள் கேட்டுப் பெற்ற உதவிகளும் பெரும்பாலும் பாலர் பள்ளியைச் சார்ந்தவையே. தொண்ணூற்றெட்டாம் நாளுக்கும் நான்காம் வயதுக்கும் இடைப்பட்ட மூன்றே முக்கால் ஆண்டுகளைப் பற்றித்தான் நம் கூட்டங்களில் பேச்சு எழுவதில்லை. அன்று ஆயாக் கொட்டகை இருந்த இடம் சரியாக அதுவே.

புத்ராஜெயாவை எடுத்துக்கொள்வோம். 1990களின் நடுப்பகுதி வரை அங்கே பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அங்கு உழைத்த நம் குடும்பங்கள் டெங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. இன்று புத்ராஜெயா அரசு அலுவலக வளாகங்களில், ஊழியர்களின் குழந்தைகளுக்கென்று தாஸ்காக்கள் இயங்குகின்றன. வேலையிடத்திற்கு அருகிலேயே பிள்ளையைப் பார்க்க ஏற்பாடு செய்தால் தாய் நிம்மதியாக வேலை செய்வாள் என்பது அந்த மண்ணுக்குப் புதிய கருத்தன்று.

முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோரிடம், பிள்ளை நான்கு வயது வரை யாரிடம் வளர்ந்தது என்று நான் கேட்பதுண்டு. பாரத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. என் விருப்பத்திற்குக் கேட்பதுதான். வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை மலாயில் விடை சொன்னால் முன்பெல்லாம் பெற்றோரைக் குறை கூறுவோம். பகல் பத்து மணி நேரம் எவருடைய குரலைக் கேட்டு வளர்ந்ததோ, அவருடைய மொழிதானே குழந்தைக்கு முதலில் வரும்? தமிழ் பேசும் பராமரிப்பாளர்களைக் கொண்ட தாஸ்கா அருகில் இருந்தால் அந்தப் பெற்றோர் அங்கே விட்டிருப்பார்கள்.

நம் ஆலய மண்டபங்கள் பல, திருமணம் இல்லாத வார நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. அவற்றில் தாஸ்கா நடத்தலாமே என்று சொல்வது எளிது. அதற்கு ஊராட்சி மன்றம், தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஒப்புதல் வேண்டும். பராமரிப்பாளர்கள் அரசு ஏற்கும் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதன் பின்னரே சமூகநலத் துறை பதிவு செய்யும். ஆலய நிருவாகத்தில் இருக்கும் பெற்றோரும், ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் சேர்ந்து அமர்ந்தால் செய்யக்கூடிய வேலைதான். ஓராண்டு அலைச்சலுக்கு ஆயத்தமாக வேண்டும். அதுவரை, கைக்குழந்தையோடு வீடு தேடும் இளம் பெற்றோர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவு பெற்ற தாஸ்காக்கள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளையைச் சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டா.