சீதாப்பாட்டியின் காசு

அப்புசாமிக்கு மூக்குப்பொடி வாங்க வேண்டுமென்றாலும் சீதாப்பாட்டியிடம்தான் கையேந்த வேண்டும். அவள் தராவிட்டால் திருடுவார், பொய் சொல்வார், ரசகுண்டுவையும் பீமாராவையும் சேர்த்துக்கொண்டு சதி செய்வார். மாட்டிக்கொள்வார். பாட்டி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லி அவரை உட்கார வைப்பாள். 1960களில் குமுதத்தில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தமிழ்நாடு சிரித்தது இந்த வீட்டைப் பார்த்துத்தான். எழுதியவர் பாக்கியம் ராமசாமி, அதாவது ஜ.ரா.சுந்தரேசன். ஜெயராஜின் ஓவியத்தில் அந்த இருவரின் முகமும் நமக்குச் சொந்தத் தாத்தா பாட்டி முகம்போல் பழகிவிட்டது.

இதை அன்பான குடும்பம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படிச் சொல்லத் தயக்கம். ஒருவரை ஒருவர் அவமானப்படுத்த இரண்டு பேர் முழுநேரமும் உழைக்கும் வீடு அது. சிரிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேலையில்லாத கிழவர், அவரைக் கண்டு சலித்த மனைவி, நடுவில் பூட்டிய பீரோ.

தூத்துக்குடியில் ஒருமுறை வகுப்பில் இந்தக் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். உப்பளத்துக்குப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி மட்டும் கேட்டாள்: “அந்தக் காசு பாட்டிக்கு எங்கருந்து வந்துச்சு மேடம்?”

இலக்கிய வரலாற்றில் இப்படியொரு கேள்வியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கற்பனைப் பாத்திரத்துக்குப் பிறந்த தேதி கிடையாது. ஆனாலும் கணக்குப் போடலாம். கதை தொடங்கும்போது பாட்டிக்கு அறுபதை ஒட்டிய வயது என்று வைத்துக்கொண்டால், 1900ஐ ஒட்டிப் பிறந்திருப்பாள். பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு ஆக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. ஆகவே அவள் கல்யாணம் சட்டத்துக்கு முந்தியது. பெரும்பாலும் குழந்தைக் கல்யாணமாகவே இருந்திருக்கும். அவள் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்ல இருந்தது ஸ்ரீதனம் மட்டும். 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது, அதுவும் அவள் ஆயுளோடு முடியும் உரிமையாக. வாரிசுரிமைச் சட்டம் வந்து பெண்ணின் சொத்து முழுக்க அவளுடையது என்றானது 1956இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் சீதாப்பாட்டி சாவிக்கொத்தோடு பத்திரிகைக்குள் நுழைகிறாள்.

இந்த நெருக்கம் தற்செயலாகவே இருக்கட்டும். பெண் கையில் காசு இருக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட காலத்தில், அப்படிப்பட்ட பெண் முதலில் வந்து சேர்ந்த இடம் நகைச்சுவைப் பக்கம். அங்கே அவளை எந்த ஆணும் பயப்படாமல் பார்க்கலாம்.

அவள் தலைமை தாங்கும் பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். கட்சிப் பெயரைக் கிண்டல் செய்யும் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இன்னொரு கிண்டலும் இருக்கிறது. 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி அதே மன்றத்தின் துணைத்தலைவரானார். ராணி மேரி கல்லூரி 1914இல் திறந்தபோது நம் சீதா அங்கே படிக்கும் வயதை எட்டிக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் பேசி, சங்கம் வைத்து, தீர்மானம் போட்டு, மனுக்கொடுத்த ஒரு தலைமுறையின் கேலிச்சித்திரம் அவள். குழந்தைக் கல்யாணத்தையும் தேவதாசி முறையையும் எதிர்த்து நின்ற சங்கப் பெண்கள், நகைச்சுவையில் பதவிக்கு அடித்துக்கொள்ளும் பாட்டிகளாக மிஞ்சினார்கள்.

பாட்டியின் பரம எதிரி பொன்னம்மா டேவிட். அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் சிரிப்பை வரவழைக்காது. நெல்லைச் சீமையில் மிஷன் பள்ளியில் படித்து ஆசிரியையாகவோ தாதியாகவோ ஆனவர்களின் பெயர் இப்படித்தான் இருக்கும். பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி 1895இலேயே வந்துவிட்டது. அங்கே படித்த பெண்கள் சம்பளம் வாங்கினார்கள். அவர்கள் காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏன் பாட்டி? சீதா முப்பது வயதுக்காரியாக இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது என்பது என் எண்ணம். 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ படத்தில் லண்டனில் படித்துவந்த இளம் மனைவி கடைசியில் அடங்கியே ஆக வேண்டியிருந்தது. அதே ஆங்கிலம், அதே அதிகாரம். பாட்டிக்கு மட்டும் மன்னிப்பு, ஏனென்றால் இனி அவள் எங்கேயும் போய்விட மாட்டாள்.

இந்தக் கடற்கரையில் வேறு மாதிரிக் குடும்பக் கதைகள் உண்டு. முத்துக் குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், தன் அக்கா தங்கச்சி தாலியறுப்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று இங்கே சொல்வார்கள். கேட்டவர்கள் மெச்சுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. படகில் இல்லாத பெண்ணின் பிழைப்பு இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. கயிறு போனது. உப்பளம் இருந்தது.

அளத்தில் பெண்களும் வேலை செய்கிறார்கள். வெயிலில் உப்புப் பாத்தியில் நின்று, கண் கூச, கால் வெடிக்க, தலையில் சுமந்து கொட்டிச் சம்பாதிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை கிடையாது. ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து தங்கி, இவர்களோடு பேசி, ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். ஏறக்குறைய ஒரே காலத்து வாசகர்களுக்கு இரண்டு வீடுகளும் படிக்கக் கிடைத்தன. இரண்டிலும் காசு பெண்ணின் உழைப்பிலோ பொறுப்பிலோ இருக்கிறது. மனைவி ஒளித்துவைத்த காசைக் கணவன் எடுத்துக்கொண்டு போவது முதல் வீட்டில் சிரிப்பு. அளத்து வீட்டில் அன்று ராத்திரி உலை வைக்க முடியாது. அவன் குடித்துவிட்டு வந்தால் அடியும் விழும்.

இதைச் சொல்வதால் அப்புசாமி கதைகளைக் கீழே போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் இன்னும் படித்துச் சிரிக்கிறேன். வேறெந்த வீட்டிலும் காணக்கிடைக்காத ஒன்று அந்த வீட்டில் கிடைக்கிறது: மனைவியின் காசில் வாழும் ஆண், வாழ்வது மட்டுமல்ல, அதனால் சின்னாபின்னப்பட்டு, அதை ஒளிக்கத் தெரியாமல் ஊருக்கே தெரியப்படுத்துபவர். குடும்பத் தலைவன் என்ற பட்டத்தை இவ்வளவு கேவலப்படுத்திய இன்னொரு வெகுஜனப் பாத்திரம் எனக்கு நினைவில்லை.

சுந்தரேசனின் புனைபெயரைப் பற்றி ஒன்று. பாக்கியம் அவருடைய அம்மா, ராமசாமி அப்பா. அம்மாவின் பெயர்தான் முதலில். அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் உடனே, “அந்த அம்மாகிட்ட காசு இருந்துச்சா?” என்றாள்.