மும்முறை கூறும் மொழி

"ஒருவர் பௌத்தராவதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று மாணவர் ஒருவர் வகுப்பில் என்னை வினவினார். புத்தரையும் தருமத்தையும் சங்கத்தையும் சரணடைவதாக மும்முறை கூற வேண்டும் என்றேன். "அவ்வளவுதானா, ஐயா?" என்றார் அவர். அன்று நான் கூறிய மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின், வரலாற்றின் துணைகொண்டு அவ்வினாவுக்கு இன்று விடை கூற முயல்கிறேன்.

சரணம் என்பது புகலிடம். புத்தர் மெய்யுணர்வு பெற்ற சில வாரங்களில் தபுசர், பல்லிகர் என்னும் வணிகர் இருவர் அவரைக் கண்டு, மாவுப் பண்டமும் தேனும் அளித்துச் சரணடைந்தனர் என்பது பௌத்த மரபு. அவர்கள் கூறியவை இரண்டு சரணங்களே. அன்று சங்கம் தோன்றியிருக்கவில்லை. பின்னர் வாரணாசியில் யசன் என்னும் இளைஞனின் தந்தையே மும்மணியையும் முதன்முதலாகச் சரணடைந்த இல்லறத்தார். சரணடைந்தபோது இவர்கள் எவரும் மனையையோ தொழிலையோ துறக்கவில்லை. எனவே சரணடைதல் வேறு, துறவு பூணுதல் வேறு என்பது தெளிவு.

புகலடைந்தவன் தன் சுமையை வேறொருவர் தோளில் ஏற்றிவிடுகிறானா? இல்லை. தம் இறுதி நாட்களில் புத்தர், தம்மைத் தாமே புகலாகக் கொள்ளுமாறு சீடர்களுக்கு அறிவுறுத்தினார். நோயாளி மருத்துவரை நாடலாம். மருந்தை அவனே உண்ண வேண்டும். அதனாலேயே சரணத்தை அடுத்துக் கொல்லாமை, கள்ளாமை முதலிய ஐந்து சீலங்களும் ஏற்கப்படுகின்றன.

நம் தமிழ்க் காப்பியத்தில் மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் மும்மணியைச் சரணடைகிறாள். பிற சமயவாதியர் கொள்கைகளையெல்லாம் கேட்டறிந்த பின்னரே அவள் அவ்வாறு செய்தாள் என்பதை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

நெடுங்காலத்துக்குப் பின், 1898ஆம் ஆண்டில், அயோத்திதாச பண்டிதர் இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் முற்காலத்தில் பௌத்தராய் இருந்தவரே என்பது அவர் கொள்கை. அதனை ஆராய்ச்சியாளர் யாவரும் ஏற்றாரல்லர். ஆயினும் அவரைப் பொறுத்தவரை சரணடைதல் புதுமனை புகுதல் அன்று. இழந்த வீட்டுக்கு மீளுதலேயாகும். அவர் காலத்துச் சென்னைப் பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர்.

அம்பேத்கர், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று 1935இல் அறிவித்தவர். ஆயினும் அவர் சரணடைந்தது 21 ஆண்டுகள் கழித்தே. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில், முதிய பிக்குவாகிய சந்திரமணி தேரரிடம் அவர் சரணமும் சீலமும் ஏற்றார். பின்னர், இல்லறத்தாராகிய அவரே இலட்சக்கணக்கான மக்களுக்குச் சரணம் கூறுவித்து, 22 உறுதிமொழிகளையும் அளித்தார். சமத்துவத்தைப் பேணுவேன் என்பதும் அவற்றுள் அடங்கும். டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

அம்மக்கள் அதற்கு ஒரு விலையும் தந்தனர். 1950ஆம் ஆண்டு ஆணையின்படி, பௌத்தராகப் பதிவு செய்துகொண்டவர் மத்திய அரசின் பட்டியல் சாதியினர் நிலையை இழந்தனர். அந்நிலை 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே அவர்களுக்குக் கிட்டியது. இடைப்பட்ட 34 ஆண்டுகளில், "உன் சமயம் யாது?" என்று விண்ணப்பத் தாள் கேட்டபோதெல்லாம், உண்மை கூறுவதா, உரிமை பெறுவதா என்று எத்தனை இளைஞர் தயங்கியிருப்பர்! ஆயினும் பலர் பௌத்தர் என்றே எழுதினர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் பௌத்தர் சுமார் 84 இலட்சம். அவர்களுள் நாலில் மூன்று பங்கினருக்கு மேல் மகாராட்டிரத்தவர்.

"அவ்வளவுதானா?" என்ற மாணவருக்கு இப்போது நான் கூறும் விடை இது: சொல்வதற்கு அவ்வளவுதான். தபுசருக்கு அது ஒரு வழிப்பயணத்தில் வாய்த்த நன்றி. மணிமேகலைக்கு ஆராய்ச்சியின் முடிவு. நாகபுரியில் நின்ற எளியவனுக்கோ, குனிந்த தலையை நிமிர்த்திய நாள். மூன்று முறை கூற ஒரு நிமிடம் போதும். கூறியபடி நிற்பதற்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும்.