வெவே மாவும் பெர்ன் தீர்ப்பும்

ஈன்றவள் அல்லாத ஒருத்தி பாலூட்டுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. செவிலித்தாயர் ஐவருள் ஊட்டுவாளும் ஒருத்தி. அவளது இடத்திற்குப் புட்டி வந்த வரலாற்றில் சுவிட்சர்லாந்துக்குத் தனியிடம் உண்டு. 1867இல் வெவே நகர மருந்தாளர் ஹென்றி நெஸ்லே பசும்பால், கோதுமை மாவு, சர்க்கரை ஆகியன சேர்த்து ஆக்கிய பால்மா, தாய்ப்பால் ஏற்க இயலாத குறைமாதக் குழந்தையொன்றுக்கு ஊட்டப்பெற்றுப் புகழடைந்தது.

நூறாண்டுக்குப் பின், பாலூட்ட இயன்ற ஏழைத் தாயரிடமும் பால்மா விற்கப்பட்டபோது நிலைமை வேறாயிற்று. தூய நீரற்ற வீடுகளில், விலைக்கு அஞ்சி நீர்க்கக் கரைத்த மா வயிற்றுப்போக்கையும் ஊட்டக்குறைவையும் விளைத்தது. குழந்தை சப்பாதுவிடின் பால் வற்றும்; ஆகவே புட்டிக்கு மாறியவள் மீள்வது அரிது.

1974இல் பெர்ன் நகர மூன்றாம் உலகச் செயற்குழு, இலண்டனில் வெளியான சிறுநூலொன்றை ஜெர்மன் மொழியில் வெளியிட்டது. மூலத்தின் தலைப்பில் நிறுவனப் பெயர் இல்லை. ஜெர்மன் தலைப்போ, நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்றது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976 ஜூனில், தலைப்பு அவதூறே எனக் கண்ட நீதிபதி பதின்மூவருக்குத் தலா 300 பிராங்கு தண்டம் விதித்தார். நிறுவனம் தன் விளம்பர முறைகளை அடியோடு மீளாய்வு செய்யவேண்டும் என்றும் கூறினார். தோற்றவர்க்குத் தண்டம் சிறிது. வென்றவர்க்கு அறிவுரை பெரிது.

1981இல் ஜெனீவாவில் கூடிய உலக நலவாழ்வுப் பேரவை, தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கான நெறிமுறையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. 1992இல் இந்தியா இயற்றிய சட்டம் பால்மா, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.