உறுதியில் இருக்கும் நான்கு பக்கங்கள்

எங்கள் வீட்டில் நோர்வே கடவுச்சீட்டுகள் இருக்கும் அதே லாச்சியில் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருக்கிறது. அதற்குள் அம்மம்மாவின் காணி உறுதி. சின்ன வயதில் அதை எடுத்து விளையாடியதற்காக ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறேன். 2025 வசந்தத்தில்தான் அதை முதன்முதலாக முழுக்க வாசித்தேன்.

அதற்குக் காரணம் இலங்கை அரசு 2025 மார்ச் 28 அன்று வெளியிட்ட ஒரு வர்த்தமானி அறிவித்தல். வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அது அரச காணியாகிவிடும் என்று அதில் இருந்தது. மூன்று மாதம்! ஒஸ்லோவில் இருக்கும் சித்தி, ரொறன்ரோவில் இருக்கும் மாமா, இறந்துபோன பெரியப்பாவின் பிள்ளைகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கவே மூன்று மாதம் போதாது. குரூருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அம்மா உறுதியை விரித்து வைத்துக்கொண்டு இரவிரவாகத் தொலைபேசியில் பேசினார். எங்கள் காணி அந்தப் பட்டியலில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜூனில் உச்ச நீதிமன்றம் அறிவித்தலுக்கு இடைக்காலத் தடை விதித்தது, அரசும் அதைக் கைவிட்டது. உறுதி திரும்பவும் லாச்சிக்குள் போனது. ஆனால் நான் அதை வாசித்து முடித்திருந்தேன்.

ஒரு நோர்வே வீட்டுப் பத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? காணிக்கு ஒரு இலக்கம், வளவுக்கு ஒரு இலக்கம் என்று எல்லாமே எண்கள். அம்மம்மாவின் உறுதி வேறு மாதிரி. காணிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அளவு பரப்பில் இருக்கிறது (16 பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர்). அதற்குப் பிறகு எல்லை வருகிறது: கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே இன்னாரின் காணி, மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரும் பங்காளரும். கிணற்றில் எத்தனை பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போக எந்தப் பக்கத்தால் வழி என்பதும் எழுதியிருக்கிறது. அம்மம்மாவின் நிலம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல அயலவர்களின் பெயர்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

யாழ்ப்பாணத்து ஊரில் சொத்தும் பாதுகாப்பும் எப்படி இருந்தன என்று என்னிடம் கேட்டால், இந்த எல்லை வரிகளைத்தான் காட்டுவேன்.

எங்கள் ஊர் வயாவிளான். பலாலி விமானத்தளத்துக்குத் தெற்கே இருக்கும் செம்மண் ஊர். அம்மா சொல்லும் ஊரில் சுவர் இல்லை, வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் நட்டு, பனையோலையோ கிடுகோ வைத்து அடைப்பார்கள். வருடத்துக்கு ஒருதரம் வேலியடைப்பு நடக்கும். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று இரண்டு வீட்டுக்காரர் வழக்குப் பேசுவதும் உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கும் எல்லை வழக்குக்கும் உள்ள உறவைப் பற்றிப் பகிடிகள் ஏராளம். அதே வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். அதன் வழியாகக் கறி போகும், பால் வரும், பிள்ளைகள் போய் வருவார்கள். இரவில் ஒரு வீட்டு நாய் குரைத்தால் அடுத்த வளவில் விளக்கு எரியும். பொலிஸ் தூரத்தில்தான் இருந்தது. ஊர்க் காரியங்களைப் பார்க்க விதானையார் இருந்தார். 1963 இல் அந்தப் பதவி ஒழிந்து கிராமசேவகர் வந்த பிறகும் சனம் அவரை விதானையார் என்றே கூப்பிட்டது.

இந்த வழக்கங்களுக்குச் சட்டமும் துணை இருந்தது. 1706 இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். அதுதான் தேசவழமை. அதன்படி ஒருவர் காணியை விற்பதானால் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அந்தக் காணியை அடமானம் பிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்கு விற்க முடிந்தது. ‘இது என்ன சட்டம்’ என்று சிரிக்காதீர்கள். நோர்வேயில் இதற்கு ஒரு மச்சான் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் படித்த ஊடெல் உரிமையை நினைத்துப் பாருங்கள். பண்ணை நிலத்தை வெளியாளுக்கு விற்றாலும், உரித்துள்ள உறவினர் விலை கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம். 1814 அரசியலமைப்பிலேயே அந்த உரிமை காப்பாற்றப்பட்டிருக்கிறது. இரண்டு நாட்டு விவசாயிகளும் நிலத்தைக் கைமாறும் சரக்காக மட்டும் பார்க்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு நிறுத்த எனக்கு விருப்பமில்லை. அம்மம்மாவின் காணி சீதனமாக வந்தது, அவருடைய பெயரிலேயே இருந்தது. ஆனாலும் தேசவழமைப்படி தாத்தாவின் சம்மதம் இல்லாமல் அவரால் அதை விற்க முடியாதிருந்தது. இன்னொன்று, அந்த ஊர்களில் எல்லோருக்கும் எல்லை வரி இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் மற்றவர்களின் காணியில் குடியிருந்தார்கள். காணிக்காரர் எழும்பு என்றால் எழும்ப வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்கு அவர்கள் 1968 இல் போராட வேண்டியிருந்தது. அவர்களைத் தடுத்து வாசலில் நின்றவர்களும் தமிழர்தான். ஊரே சேர்ந்து பாதுகாக்கும் என்று சொல்லும்போது, ‘ஊர்’ என்பதற்குள் யார் யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. பலாலி முகாமைச் சுற்றியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. வயாவிளான், பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, தையிட்டி... எல்லோரும் சில நாளில் திரும்பலாம் என்றுதான் வெளிக்கிட்டார்கள். அம்மம்மா மாட்டை அவிழ்த்துவிட்டு, படலையைச் சாத்தி, உறுதியைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடந்தாராம். அந்த நிலப்பரப்புக்குப் பிறகு ஒரு பெயர் வந்தது: உயர் பாதுகாப்பு வலயம். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை நோர்வேயில் நாங்கள் தினமும் கேட்கிறோம். அங்கே அந்தச் சொல் ஊரில் இருந்த ஒவ்வொருவரையும் வெளியே வைத்தது.

அதே வருடம் ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணிநேரத்தில் வெளியேறும்படி விடுதலைப்புலிகள் கட்டளையிட்டார்கள். அவர்களிடமும் உறுதிகள் இருந்தன. எங்கள் வீட்டில் ஜூன் மாதக் கதை பலதரம் சொல்லப்பட்டிருக்கிறது. ஒக்டோபர் கதையை நானே தேடி வாசித்துத்தான் அறிந்தேன். ஏன் என்று அப்பாவிடம் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

போர் 2009 மேயில் முடிந்தது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. உறுதிக் கணக்கில் அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பரப்பு. 2,000க்கும் மேற்பட்ட காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள். 2015 முதல் பகுதி பகுதியாகக் காணிகள் விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுபட்டது. திரும்பிப் போனவர்கள் பலர் தங்கள் வளவைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றார்கள். வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன, வேலிகள் இல்லை, ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்திருந்தன. உறுதி கையில் இருக்கிறது, ‘வடக்கே இன்னாரின் காணி’ என்றும் இருக்கிறது. ஆனால் அந்த இன்னார் பரிஸிலோ லண்டனிலோ கல்லறையிலோ. அப்போது உதவியது மற்றவர்களின் ஞாபகம்தான். இந்தக் கிணறு உங்கடை, அந்தப் பனைக்கு இங்காலை எங்கடை என்று கிழவர்கள் நின்று காட்டினார்கள். நில அளவையாளர் அதற்குப் பிறகுதான் சங்கிலி பிடித்தார்.

முகாம்களில் கடைசிவரை இருந்தவர்களில் பலருக்கு விடுவிக்க ஒரு காணியே இருக்கவில்லை. மாவிட்டபுரத்தைப் பற்றி மேலே எழுதியதை இதற்காகத்தான் எழுதினேன்.

2025 ஏப்ரல் 10 அன்று வயாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 34 வருடங்களுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அப்போது காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை வாகனத்தில் போகலாம் என்றிருந்தது. நடக்கக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றும் இருந்தது. கோடை விடுமுறையில் நாங்கள் வாடகை வானில் அந்த வழியால் போனோம். இரண்டு பக்கமும் கம்பி வேலி. இதில் பொட்டு இல்லை. அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, ‘இதிலை ஒரு ஒழுங்கை... இல்லை, இனித்தான்... தம்பி, மெதுவாய் விடுங்கோ’ என்றார். சாரதி மெதுவாகத்தான் விட்டார். எங்கள் காணி கம்பிக்கு உள்ளே எங்கேயோ இருந்தது. எந்த இடம் என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய பிறகு நான் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். உறுதியில் இருக்கும் எல்லைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன். கிழக்குக் காணிக்காரரின் மகள் பேர்கனில் இருக்கிறார். தொலைபேசியை எடுத்து, நான் யாருடைய பேத்தி என்று கேட்டு, முதலில் அவர் சொன்னது: ‘உங்கடை அம்மம்மா எங்கடை பக்கம் ஒரு சாண் தள்ளி வேலி போட்டவ, தெரியுமோ?’ அவரிடமும் ஒரு உறுதி இருக்கிறது. அதில் மேற்கு எல்லையில் என் அம்மம்மாவின் பெயர் இருக்கிறதாம். படம் எடுத்து அனுப்புகிறேன் என்றார். தெற்குப் பக்கத்துக்காரரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.